நாற்பது மணித்தியாலத்தில் விமானி ஆகலாமா? பிபிஎல் பற்றி ஓர் எளிய விளக்கம்

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளை இருக்கும் வீட்டில் "பைலட்டுக்குப் படிக்க விடலாமா?" என்ற பேச்சு ஒருநாள் வரத்தான் செய்யும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் வந்திருக்கிறது. ஆளுக்கொரு தகவல் சொல்வார்கள். நாற்பது மணித்தியாலம் ஓட்டினால் லைசன்ஸ் கிடைத்துவிடும் என்பார் ஒருவர். கண்ணாடி போட்ட பிள்ளைக்குச் சரிவராது என்பார் இன்னொருவர். லைசன்ஸ் கையில் இருந்தால் எயார்லைன்ஸில் வேலை நிச்சயம் என்று ஒரு மாமா அடித்துச் சொல்வார். சின்ன விமானத்தில் இன்ஜின் நின்றால் அப்படியே விழுந்துவிடும், வேண்டாம் பிள்ளை என்று அம்மம்மா பயப்படுவார்.

இவற்றில் முதலாவதில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. மற்ற மூன்றும் பிழை. இப்படிப்பட்ட தகவலை நம்பிப் பெரிய தொகையைக் கட்டுபவர்களும் உண்டு, அதே தகவலை நம்பி ஆசையைக் கைவிடும் பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன். விமானத்தைத் தூரத்தில் மட்டுமே பார்த்தவருக்கும் விளங்கவேண்டும் என்பதால் நிபுணர்களுக்கான நுணுக்கங்களை விட்டுவிடுகிறேன்.

எந்த லைசன்ஸைப் பற்றிப் பேசுகிறோம்?

எல்லோருக்கும் தெரிந்த சாரதி அனுமதிப்பத்திரத்திலிருந்து தொடங்கலாம். முதலில் எல் போர்ட் போட்டுக்கொண்டு, பழக்குபவர் பக்கத்தில் இருக்க ஓட்டுகிறோம். எழுத்துப் பரீட்சை, ஓட்டப் பரீட்சை இரண்டும் உண்டு. லைசன்ஸ் கிடைத்த பிறகும் எந்த வகை வாகனம் என்று அதிலே குறித்திருக்கும். காருக்கு எடுத்தவர் மறுநாள் பஸ்ஸில் ஏறி உட்கார முடியாது.

விமானத்திலும் அடிப்படை ஒழுங்கு இதுதான். பழகும் காலத்தில் மாணவ விமானி அனுமதிப்பத்திரம். அதற்கு அடுத்த படி தனியார் விமானி அனுமதிப்பத்திரம். எல்லோரும் பிபிஎல் என்று சொல்வது இதைத்தான். பொதுவாக ஒற்றை இன்ஜின் சிறிய விமானத்துக்கு என்று குறித்துத்தான் இது முதலில் கிடைக்கும். இரட்டை இன்ஜின் விமானம் வேண்டும் என்றால் அதற்குத் தனிப் பயிற்சி, தனிப் பரீட்சை.

சொந்த விமானம் வைத்திருக்கும் பணக்காரர்களுக்கான லைசன்ஸ் இது என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. வாடகைக்கு எடுத்தும் ஓட்டலாம், நண்பர்களையும் வீட்டாரையும் ஏற்றிக்கொண்டும் போகலாம். ஆனால் ஓட்டுவதற்குச் சம்பளமோ கூலியோ வாங்கக்கூடாது. வேலைக்குப் போக வேண்டுமானால் அடுத்தது வணிக விமானி அனுமதிப்பத்திரம், சுருக்கமாக சிபிஎல். சர்வதேச விதிப்படி அதற்கு 18 வயதும் 200 மணித்தியாலப் பறப்பு அனுபவமும் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சி ஒன்றில் படித்தால் 150 போதும். பயணிகள் விமானமொன்றின் கப்டனாக இருப்பதற்கு அதற்கும் மேலே ஒரு லைசன்ஸ்: 21 வயது, 1,500 மணித்தியாலம். ஆக, மாமா சொன்ன எயார்லைன்ஸ் வேலைக்கு பிபிஎல் ஒரு முதல் படி. அதைத் தாண்டிப் போகவேண்டிய தூரமும் செலவும் நிறைய.

சாரதி அனுமதிப்பத்திர ஒப்பீடு இந்த இடத்தோடு நின்றுவிடும். வீதியில் ஏதாவது பிழைத்தால் வாகனத்தை ஓரங்கட்டி நிறுத்தி யோசிக்கலாம். வானத்தில் ஓரமே இல்லை. பறந்துகொண்டேதான் யோசிக்கவேண்டும். அதனால் பிபிஎல் பயிற்சியில் ஓட்டும் திறமை பாதிதான். மறுபாதி, தனியாக முடிவெடுக்கப் பழகுவது. ஒரு பறப்பில் இறுதி முடிவுக்குச் சொந்தக்காரரைப் பொறுப்பு விமானி என்பார்கள். ஒரு மாணவரைப் பொறுப்பு விமானியாக ஆக்குவதுதான் இந்தப் பயிற்சியின் முழு வேலையும். இதை மனதில் வைத்துக்கொண்டால், மணித்தியாலக் கணக்கு, பரீட்சை, வைத்தியப் பரிசோதனை எல்லாம் ஏன் அப்படி அமைந்திருக்கின்றன என்பது தானாக விளங்கும்.

விதியை யார் எழுதுகிறார்கள்?

1944இல் சிக்காகோவில் பல நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையிலிருந்து பிறந்தது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம், வாய்மொழியில் ஐகாவோ. விமானிகளுக்கான ஆகக்குறைந்த தகுதிகளை அது வகுக்கிறது. ஒவ்வொரு நாடும் அதற்குக் குறையாமல் தன் சட்டத்தை எழுதிக்கொள்கிறது. இலங்கையில் அந்தப் பொறுப்பு சிவில் விமான சேவைகள் அதிகார சபையிடம் இருக்கிறது. லைசன்ஸ் கொடுப்பது அதுதான், பயிற்சிப் பள்ளி அல்ல. பள்ளி பழக்கும், சிபாரிசு செய்யும், அவ்வளவுதான்.

கொழும்புக்காரர்களுக்குப் பயிற்சி என்றால் இரத்மலானை. காலி வீதியில் போகும்போது மதிலுக்கு மேலாகச் சின்ன விமானங்கள் தாழ்ந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். 1935 நவம்பர் 27இல் அங்கே முதன்முதலில் வந்து இறங்கிய விமானத்தை ஓட்டியவர், மெட்ராஸ் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர். கட்டுநாயக்க வரும்வரை நாட்டின் பிரதான விமான நிலையமாக இருந்த அந்த இடத்தைத் திறந்துவைத்ததே ஒரு பறப்பு ஆசிரியர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

முதலில் டொக்டர், பிறகுதான் காசு

பிபிஎல் எடுக்க இரண்டாம் வகுப்பு வைத்தியச் சான்றிதழ் வேண்டும். அதிகார சபை அங்கீகரித்த விமான வைத்தியர் ஒருவர்தான் பரிசோதிக்கவேண்டும். கண், காது, இதயம், இரத்த அழுத்தம், நீரிழிவு, வலிப்பு வரலாறு, மனநலம் எல்லாம் பார்ப்பார்கள்.

கண்ணாடி விஷயத்துக்கு வருவோம். கண்ணாடி போட்டவர் தாராளமாக விமானி ஆகலாம். ஐகாவோ விதியில் இரண்டாம் வகுப்புக்குக் கேட்கப்படுவது ஒவ்வொரு கண்ணிலும் 6/12 தூரப் பார்வை. அதைக் கண்ணாடியோடும் காட்டலாம். பறக்கும்போது போட்டிருக்கவேண்டும், மேலதிகமாக ஒரு சோடி கைவசம் இருக்கவேண்டும் என்பதுதான் நிபந்தனை. நிறப் பார்வையில்தான் சிலருக்குச் சிக்கல் வரும், ஏனென்றால் விளக்குச் சமிக்ஞைகளின் நிறத்தைத் தவறாமல் பிரித்தறியவேண்டும். இப்படி ஒரு சிக்கல் இருப்பது பயிற்சிக்குக் காசு கட்டி, பாதி தூரம் போன பிறகு தெரியவரும் நிலைமை மிகவும் கவலைக்குரியது. எனவே வைத்தியச் சான்றிதழை எடுத்த பிறகே பள்ளிக்குப் போங்கள். பிறகு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், சிபிஎல்லுக்குத் தேவையான முதலாம் வகுப்புப் பரிசோதனையையே முதலில் செய்துபார்ப்பது புத்தி. அது கொஞ்சம் கடுமையானது.

சரி, இதுவரை பார்த்ததோடு வயதையும் சேர்த்துச் சொன்னால்: பிபிஎல் எடுக்க 17 வயது நிறைந்திருக்கவேண்டும், இரண்டாம் வகுப்பு வைத்தியச் சான்றிதழ் வேண்டும், சம்பளத்துக்கு ஓட்ட முடியாது, லைசன்ஸ் கொடுப்பது அதிகார சபை.

நாற்பது என்பது எந்த நாற்பது?

ஐகாவோ சொல்லும் ஆகக்குறைந்த பறப்பு நேரம் 40 மணித்தியாலம். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியில் அது 35 ஆகலாம். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இந்த எண்ணை மட்டும்தான். ஆனால் அதற்குள்ளே இருக்கும் பிரிப்புதான் முக்கியம்.

அந்த நாற்பதில் குறைந்தது 10 மணித்தியாலம் மாணவர் தன்னந்தனியாக ஓட்டியிருக்கவேண்டும். பயிற்றுநர் தரையில் நின்று மேற்பார்வை செய்வார், விமானத்துக்குள் வேறு யாரும் இல்லை. இதைத் தனிப்பறப்பு என்பார்கள். அந்தப் பத்தில் 5 மணித்தியாலம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வழி கண்டுபிடித்துப் போகும் பறப்பாக இருக்கவேண்டும். அதிலும் ஒரு பயணம் 270 கிலோமீற்றருக்குக் குறையாமல், வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி நின்று வருவதாக இருக்கவேண்டும். பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று தனியாக இதைச் செய்கிறது என்று ஒருகணம் நினைத்துப் பாருங்கள்.

நேரத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். மேலெழும் நோக்கத்தோடு விமானம் நகரத் தொடங்கிய கணத்திலிருந்து, பறப்பு முடிந்து வந்து நிற்கும் கணம் வரை எல்லாமே பறப்பு நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், வேறு விமானம் இறங்கும்வரை காத்திருப்பதும் இதில் அடங்கும். வீட்டுக் கொம்பியூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு, எவ்வளவு திறமையாக ஓட்டினாலும், கணக்கில் வராது. அதிகாரசபை ஏற்றுக்கொண்ட பயிற்சிச் சிமுலேட்டரில்கூட 5 மணித்தியாலத்துக்கு மேல் சேர்க்க முடியாது.

நாற்பதிலேயே முடித்தவர்கள் இல்லாமல் இல்லை. பெரும்பாலானோருக்கு அதற்கு மேல் போகும். கெட்டித்தனம் குறைவு என்பது பொதுவாகக் காரணம் அல்ல, இடைவெளிதான் காரணம். வாரத்துக்கு மூன்று தடவை பறப்பவரின் கை சென்ற பாடத்தை மறந்திருக்காது. மாதத்துக்கு இரண்டு தடவை வருபவர் ஒவ்வொரு முறையும் பாதிப் பாடத்தைப் பழையதைத் திரும்பச் செய்வதிலேயே செலவழிப்பார். காசு சேரச் சேரப் பறக்கலாம் என்று மெதுவாகப் போவது மிச்சம் பிடிப்பது போலத் தோன்றும், கடைசியில் கூடுதலாகவே முடியும்.

விமானம் எப்படி மேலே நிற்கிறது, எப்போது நிற்காது

அம்மம்மாவின் பயத்துக்கு இங்கேதான் பதில். இன்ஜின்தான் விமானத்தைத் தூக்கி வைத்திருக்கிறது என்று நினைக்கிறோம். தூக்குவது இறக்கை. இறக்கையின் மேல் வழிந்து போகும் காற்று அதன் வளைவோடு ஒட்டிக்கொண்டு கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது. இறக்கை காற்றைக் கீழே தள்ள, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. இதுதான் தூக்குவிசை. இது நடக்க இறக்கை காற்றுக்குள் முன்னேறிக்கொண்டே இருக்கவேண்டும். இன்ஜினின் வேலை அந்த முன்னேற்றத்தைக் கொடுப்பது மட்டும்.

இன்ஜின் நின்றால்? விமானி மூக்கைச் சற்றுத் தாழ்த்துகிறார். உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து அதற்குப் பதிலாக வேகத்தை வாங்கிக்கொள்கிறது விமானம். இறக்கை வேலை செய்துகொண்டே இருக்கும். பயிற்சிக்குப் பரவலாகப் பாவிக்கும் செஸ்னா 172 விமானம், ஒரு அடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னே போகும். இரத்மலானைக்கு மேலே 3,000 அடியில், காற்றில்லாத நாளில் இன்ஜின் நின்றால், எட்டுக் கிலோமீற்றர் சறுக்கிப் போகலாம். அது வெள்ளவத்தையைத் தாண்டும் தூரம். அதற்குள் இறங்குமிடத்தைத் தெரிவுசெய்ய, இன்ஜினைத் திரும்ப இயக்கிப் பார்க்க, ரேடியோவில் உதவி கேட்க நிமிடக்கணக்கில் அவகாசம் உண்டு. பயிற்றுநர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இன்ஜின் விசையைக் குறைத்துவிட்டு "இப்போது என்ன செய்வாய்?" என்று கேட்பது பயிற்சியின் வழக்கமான பாடம்.

உண்மையில் பயப்படவேண்டியது வேறொன்று. இறக்கைக்கும் எதிரே வரும் காற்றுக்கும் இடையிலுள்ள சாய்வைத் தாக்குகோணம் என்பார்கள். அதைக் கூட்டக் கூட்டத் தூக்குவிசையும் கூடும். ஆனால் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டும்போது, மேலே வழியும் காற்றால் இறக்கையின் வளைவோடு ஒட்டிப் போக முடியாது. அது பிய்த்துக்கொண்டு சுழல்களாகச் சிதறும். தூக்குவிசை திடீரென்று சரியும். இந்த நிலைக்குப் பெயர் ஸ்டோல். இன்ஜின் முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இது நடக்கலாம்.

விமானம் கீழே போகிறது என்று உணர்ந்தால் மனித இயல்பு கைப்பிடியைத் தன்பக்கம் இழுப்பது. இழுத்தால் மூக்கு உயரும், தாக்குகோணம் இன்னும் கூடும், ஸ்டோல் இன்னும் மோசமாகும். செய்யவேண்டியது அதற்கு நேர்மாறு: கைப்பிடியை முன்னே தள்ளி, மூக்கைத் தாழ்த்தி, காற்றை இறக்கையோடு மறுபடி ஒட்டவைப்பது. தரையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது மூக்கை இன்னும் தாழ்த்து என்றால் உடம்பு கேட்காது. அதைக் கேட்கவைக்கத்தான் நல்ல உயரத்தில் வைத்து, வேண்டுமென்றே ஸ்டோல் ஆக்கி, மீட்டெடுத்து, திரும்பத் திரும்பப் பழக்குகிறார்கள்.

திரும்பும்போதும் கவனம் வேண்டும். விமானத்தை 60 பாகை சரித்து, உயரம் குறையாமல் திரும்பினால், இறக்கை இரண்டு மடங்கு பாரத்தைத் தூக்கவேண்டியிருக்கும். ஸ்டோல் ஆகும் வேகமும் 41 வீதம் கூடிவிடும். ஓடுபாதைக்கு நேராக வரத் தவறி, தாழ்ந்த உயரத்தில் அவசரமாக இழுத்துத் திருப்புவது எவ்வளவு ஆபத்து என்பது இந்த ஒரு கணக்கிலேயே தெரியும்.

சுருக்கமாக: விமானத்தைத் தாங்குவது இறக்கை. இன்ஜின் நின்றால் சறுக்கி இறங்கலாம். தாக்குகோணம் அளவு மீறினால் ஸ்டோல். அதிலிருந்து மீள மூக்கைத் தாழ்த்தவேண்டும்.

பயிற்றுநர் இறங்கிப் போகும் நாள்

தொடக்கத்தில் நேராகப் பறத்தல், ஏறுதல், இறங்குதல், திரும்புதல். அப்புறம் பல மணித்தியாலம் ஒரே வேலைதான்: ஓடுபாதையைச் சுற்றி நீள்சதுரமாக ஒரு வட்டம் போட்டு, இறங்கி, உடனே மறுபடி ஏறுவது. இதைச் சேர்க்கிட் என்பார்கள். வழக்கமான உயரம் 1,000 அடி. எப்போதும் காற்றை எதிர்த்தே ஏறி, காற்றை எதிர்த்தே இறங்குவார்கள், தரையில் ஓடவேண்டிய தூரம் குறையும் என்பதற்காக. இரத்மலானை ஓடுபாதையின் ஒரு முனையில் 04 என்றும் மறுமுனையில் 22 என்றும் எழுதியிருக்கும். 22 என்றால் திசைகாட்டியில் ஏறத்தாழ 220 பாகை, அதாவது தென்மேற்கு, கடல் பக்கம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் விமானங்கள் கடலை நோக்கி ஏறுவது இதனால்தான்.

பயிற்சி விமானத்தில் இரண்டு பேருக்கும் தனித்தனிக் கைப்பிடி உண்டு. யார் ஓட்டுகிறார் என்பதில் ஒரு கணம்கூடக் குழப்பம் இருக்கக்கூடாது. அதனால் பயிற்றுநர் "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்பார், மாணவர் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லித்தான் வாங்கவேண்டும். முதல் நாளிலிருந்தே பொறுப்பு இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் கைமாறுகிறது. ஒருநாள், சில சேர்க்கிட் நன்றாகப் போன பிறகு, பயிற்றுநர் விமானத்தை நிறுத்தச் சொல்லி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கிப் போய்விடுவார். மாணவர் ஒரே ஒரு சேர்க்கிட் தனியாகப் போட்டு வரவேண்டும். ஓர் ஆளின் பாரம் குறைந்ததால் விமானம் வழக்கத்தை விட வேகமாக ஏறும். பலர் அந்த வித்தியாசத்தில்தான், பக்கத்து இருக்கை காலியாக இருப்பதை முழுசாக உணர்வார்கள்.

காற்று தள்ளும் தூரம்

வழி கண்டுபிடித்துப் போவது அடுத்த பெரிய பாடம். ஜீபிஎஸ் இருக்கும்போது வரைபடமும் அளவுகோலும் எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். இரத்மலானையிலிருந்து தெற்குக் கரையிலுள்ள கொக்கலை நேர்க்கோட்டில் சுமார் 100 கிலோமீற்றர். விமானத்தின் வேகம் 90 நொட். ஒரு நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர், ஆக இது மணிக்கு 167 கிலோமீற்றர் அளவு. ஏறத்தாழ 37 நிமிடத்தில் போய்விடலாம். தென்மேற்கிலிருந்து 20 நொட் காற்று வீசுகிறது என்று வையுங்கள். மூக்கைக் கொக்கலைக்கு நேரே வைத்து, காற்றைக் கணக்கில் எடுக்காமல் பறந்தால், அந்த 37 நிமிடத்தில் காற்று உங்களை இருபதுக்கும் மேற்பட்ட கிலோமீற்றர் தள்ளியிருக்கும். கீழே கடற்கரை இருக்காது, அக்குரஸ்ஸைப் பக்கத்துத் தேயிலையும் இறப்பரும் தெரியும்.

ஆகவே புறப்படுமுன்பே காற்றுக்கு எதிராக மூக்கை எத்தனை பாகை திருப்பிப் பிடிக்கவேண்டும் என்று கணிக்கவேண்டும். இந்த உதாரணத்தில் பன்னிரண்டு பாகை அளவு வரும். வழியில் எந்த நிமிடத்தில் எந்த ஆறு, எந்தச் சந்தி, எந்த வாவி தெரியவேண்டும் என்றும் எழுதிக்கொண்டு போவார்கள். பெந்தர ஆறு தெரியவேண்டிய நிமிடத்தில் தெரியவில்லை என்றால், முன்னறிவிப்பில் சொன்ன காற்று மாறிவிட்டது என்று அப்போதே புரிந்துவிடும். ஜீபிஎஸ் நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லும். ஏன் அங்கே வந்தோம், எரிபொருள் போதுமா, திரும்பலாமா என்பதை விமானிதான் யோசிக்கவேண்டும்.

முகிலுக்குள் ஏன் போகக்கூடாது?

இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாக வாசியுங்கள். புதிதாகப் பழகியவர்கள் உயிரைவிடும் காரணங்களில் இது முன்னால் நிற்கிறது.

பிபிஎல் வைத்திருப்பவர் வெளியே கண்ணால் பார்த்து ஓட்டுகிறார். அடிவானம் தெரிவதால்தான் விமானம் சரிந்திருக்கிறதா, நேராக இருக்கிறதா என்று தெரிகிறது. அதற்காகவே விதியும் இருக்கிறது: பொதுவாக 5 கிலோமீற்றர் தூரம் தெளிவாகத் தெரியவேண்டும், முகிலிலிருந்து பக்கவாட்டில் 1,500 மீற்றரும் மேலே கீழே 1,000 அடியும் விலகியிருக்கவேண்டும்.

முகிலுக்குள் நுழைந்ததும் எல்லாத் திசையிலும் வெள்ளை. அப்போது உடம்பு காதை நம்பத் தொடங்கும். நம் உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் திரவம். தலை திரும்பும்போது குழாய் நகர, திரவம் பின்தங்குகிறது. அந்த வித்தியாசத்தைத்தான் மூளை திருப்பம் என்று உணர்கிறது. ஆனால் ஒரே வேகத்தில் தொடர்ந்து திரும்பிக்கொண்டிருந்தால், இருபது வினாடி அளவில் திரவமும் குழாயோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். வித்தியாசம் போய்விடும், உணர்வும் போய்விடும். விமானம் சரிந்து திரும்பிக்கொண்டிருக்கும், விமானிக்கோ நேராகப் போவது போலவே இருக்கும். விமானத்தை அவர் உண்மையாகவே நேராக்கினால், எதிர்ப்பக்கம் திரும்புவதாகக் காது சொல்லும். அதை நம்பிப் பழைய சரிவுக்கே திரும்பப் போய்விடுவார். அனுபவமும் துணிச்சலும் இதை மாற்றாது, ஏனென்றால் எல்லோருடைய காதும் இப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்குத் தனித் தகுதியும் நீண்ட பயிற்சியும் வைத்திருப்பது இதனால்தான். பிபிஎல் பயிற்சியிலும் அதில் ஒரு துளி உண்டு: தவறி முகிலுக்குள் போய்விட்டால் கருவியைப் பார்த்து, உயரம் மாறாமல் 180 பாகை திரும்பி, வந்த வழியே வெளியேறுவது.

கொழும்பில் பழகுபவர் இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் தேடவேண்டியதில்லை. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். மதியத்துக்குப் பிறகு உள்நாட்டில் இடிமுகில் கோபுரமாக எழும்பி, பின்னேரம் மேற்குக் கரைக்கு வந்து கொட்டும். அதனால் காலைப் பாடங்களுக்குத்தான் கிராக்கி. "இன்றைக்குப் பறக்கவேண்டாம்" என்று மாணவர் தானாக முன்வந்து சொல்லும் நாளை நல்ல பயிற்றுநர் ஒரு முன்னேற்றமாகவே எடுத்துக்கொள்வார்.

தமிழ் மொழி மூலம் படித்தவர்களுக்கு

கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு கதைப்பது ஆங்கிலத்தில். ஐகாவோ ஆங்கிலத் திறனை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது, நான்காம் நிலை கட்டாயம். இதைக் கேட்டதும் தமிழ் மூலம் படித்த பிள்ளைகள் பலர் பின்வாங்குகிறார்கள். பின்வாங்கத் தேவையில்லை என்று உறுதியாகச் சொல்வேன். ரேடியோ மொழியின் பெரும்பகுதி மாறாத சிறு வாக்கியங்கள். எழுத்துகளுக்கு அல்ஃபா, பிராவோ, சார்லி என்று உலகம் முழுக்க ஒரே பெயர். ஒன்பதைக்கூட "நைனர்" என்றுதான் சொல்லவேண்டும். கோபுரம் "கிளியர்ட் டு லேண்ட்" என்றால் அதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும், பிழையாகக் கேட்டிருந்தால் அங்கேயே பிடிபடட்டும் என்பதற்காக.

ஆனால் மனப்பாடம் மட்டும் போதாது. எதிர்பாராத ஒன்று நடந்தால், உதாரணமாகக் கதவு சரியாகப் பூட்டவில்லை, அல்லது கூட இருப்பவருக்குச் சுகமில்லை என்றால், அதைத் தெளிவாகச் சொல்லவும் பதிலை விளங்கிக்கொள்ளவும் முடியவேண்டும். நான்காம் நிலை சோதிப்பது இதைத்தான். உச்சரிப்பில் தமிழ் வாசனை இருப்பது குற்றம் அல்ல, மற்றவருக்கு விளங்கினால் சரி. கோபுரமும் விமானங்களும் கதைப்பதைத் தினமும் காதால் கேட்டுப் பழகுவது மிகச் சிறந்த பயிற்சி.

பரீட்சைகள்

எழுத்துப் பரீட்சையில் விமானச் சட்டம், வானிலை, வழிகாணல், பறத்தலின் கோட்பாடு, விமானத்தின் அமைப்பு, எடையும் செயற்திறனும், மனித உடலின் வரம்புகள், நடைமுறைகள், ரேடியோ ஆகியவை வரும். உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படித்திருந்தால் உதவி, ஆனால் சாதாரணதரக் கணிதமும் பௌதிகமும் தெளிவாக இருந்தால் சமாளிக்கலாம். கடைசியில் பரீட்சகர் ஒருவர் பக்கத்தில் அமர, பறப்புப் பரீட்சை. ஸ்டோல், செங்குத்தான திருப்பம், இன்ஜின் நின்றதாகப் பாவனை செய்து இறங்குதல், வழிகாணல் எல்லாம் கேட்பார். லைசன்ஸ் கிடைத்த பிறகும் வைத்தியச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஐகாவோ விதியில் அது 60 மாதம், நாற்பது வயதைத் தாண்டினால் 24 மாதம்.

காசு கட்டுமுன் கேட்கவேண்டியவை

விமானம், உதிரிப்பாகம், எரிபொருள் எல்லாம் டொலரில் வருபவை. 2022இல் சில மாதங்களுக்குள் ரூபாய் விழுந்த வேகத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே இன்று சொல்லப்படும் கட்டணம் கடைசி மணித்தியாலம் வரை மாறாமல் இருக்குமா என்பது முதல் கேள்வி. சொன்ன தொகை 40 மணித்தியாலத்துக்கு மட்டுமா, அதற்கு மேல் போனால் மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்பது இரண்டாவது. பரீட்சைக் கட்டணம், ஆங்கிலத் தேர்வு, தரையிறங்கும் கட்டணம், பறப்புப் பரீட்சைக்கு எடுக்கும் விமானத்தின் வாடகை ஆகியவை உள்ளடக்கமா, வெளியேயா என்று எழுத்தில் வாங்குங்கள். ஓடக்கூடிய நிலையில் எத்தனை விமானம் இருக்கிறது, எத்தனை மாணவர், எத்தனை பயிற்றுநர் என்றும் கேளுங்கள். ஒரே விமானத்தை இருபது பேர் பங்குபோட்டால், மேலே சொன்ன இடைவெளிப் பிரச்சினை உங்கள் பிள்ளைக்கு நிச்சயம் வரும்.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: வைத்தியச் சான்றிதழ், அதன்பின் ஒரேயொரு அறிமுகப் பறப்பு, அதன்பின் பிள்ளையோடு இருந்து ஒரு பேச்சு. சிலருக்குத் தலை சுற்றும், சிலருக்கு வானத்தில் ஏறியதும் ஆசை தணிந்துவிடும், சிலர் இறங்கும்போதே அடுத்த பாடம் எப்போது என்று கேட்பார்கள். பிள்ளை மூன்றாவது வகையாக இருந்தாலும் முழுத் தொகையையும் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். தனிப்பறப்பு வரை ஒரு பகுதி, 270 கிலோமீற்றர் பயணம் வரை ஒரு பகுதி, பரீட்சைக்கு ஒரு பகுதி என்று பிரித்துக் கட்ட முடியுமா என்று கேட்டுப்பாருங்கள்.